கரண்ட் கம்பத்திடம் பேசியவர்

அந்த ஆள் முதல் நாள் எங்கள் வாசலில் வந்து நின்று கரண்ட் கம்பத்திடம் தண்ணீர் கேட்டார்.

"கொஞ்சம் தண்ணி கெடைக்குங்களா?"

நான் வாசற்படியில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். கம்பம் எனக்கு வலது பக்கம் இருக்கிறது. அவர் முகம் முழுக்க அந்தப் பக்கம். கம்பம் என்ன சொல்கிறது என்று பார்க்கலாம் என்று இருந்தேன். அவர் மறுபடியும் கேட்டார், இன்னும் மரியாதையாக.

"ஏ ஸ்டெல்லா," என்று பக்கத்து வீட்டுக்குக் குரல் கொடுத்தேன். "நம்ம கம்பத்தப் பாக்க ஒரு ஆளு வந்துகீறாரு. தண்ணி வேணுமாம். கம்பம் குடுக்க மாட்டேங்குது, நீயாச்சும் குடு."

ஸ்டெல்லா சிரிப்பை அடக்கிக்கொண்டு சொம்போடு வந்தாள். அவர் சொம்பைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார், குடித்தார், சொம்பைத் திருப்பிக் கொடுத்தார். ஸ்டெல்லாவைப் பார்க்கவே இல்லை. இரண்டு காதும் மிளகாய்ப் பழம் மாதிரி சிவந்துபோயிருந்தன. போகும்போது கம்பத்தைப் பார்த்து, "வர்றேங்க" என்றார்.

என் மகன் வயதுதான் இருக்கும். அவன் என்றே எழுதலாம். எழுத வரவில்லை. அவரை நினைத்தால் சிரிக்கத்தான் ஆரம்பிப்பேன். பாதியிலே சிரிப்பு நின்று, முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் ஆகிவிடும்.

ஆம்பூரிலிருந்து வரும் மினி பஸ் எங்கள் ஊரில் வந்து திரும்பிக்கொள்ளும். அதற்குமேல் ரோடு இல்லை, மலைதான். ஆம்பளைகள் பாதிப் பேர் தோல் பதனிடுகிற ஷாப்பில், பொம்பளைகள் பாதிப் பேர் ஷூ கம்பெனியில். கம்பெனி வேன் விடிவதற்குள் வந்து ஹாரன் அடிக்கும். மிச்சம் இருப்பது என்னைப் போல வாய் மட்டும் வேலை செய்கிற கிழவிகள்.

அவர் கலவை என்கிற ஊர்ப் பக்கத்து ஆள். காட்டு விலங்குகளைக் காப்பாற்றுகிற ஒரு டிரஸ்டில் வேலை. மலையில் மரத்துக்கு மரம் கேமரா கட்டுவது, பேட்டரி மாற்றுவது, ஒட்டடை துடைப்பது எல்லாம் அவர்தான். அதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு மாதம் ஆனது, ஏனென்றால் அவர் சொல்வதெல்லாம் கம்பத்துக்குத்தான் முதலில் போகும்.

"அந்தக் கேமராவ யாரு தம்பி அமுக்குவாங்க?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"யாரும் வேணாம் ஆயா. சூடா ஏதாச்சும் குறுக்க போனா அதுவே எடுத்துக்கும். உள்ள சிம்மு கீது. போட்டோ நேரா மெட்ராஸ் ஆபீசுக்குப் போயிடும். அங்க மெஷினு பாத்து, இது கரடி, இது மான், இது முள்ளம்பன்னின்னு அதுவே எழுதிடும்."

"அப்புறம்?"

"அப்புறம் பணம் கட்றவங்க செல்லுக்குப் போவும். ஒவ்வொருத்தரு ஒரு மிருகத்த எடுத்துப்பாங்க. இவருக்கு இந்தக் கரடி, அவருக்கு அந்தச் சிறுத்த. அவங்களுது போட்டோவுல வந்தா செல்லு மணியடிக்கும். பாத்து சந்தோசப்பட்டு மாசாமாசம் கட்டுவாங்க. அத்த வெச்சிதான் வெயில் காலத்துல மேல மிருகங்க குடிக்கிற தொட்டிக்கு டேங்கர்ல தண்ணி ஊத்துறோம். கரடி கடிச்சவங்களுக்கு ஆஸ்பத்திரி செலவு பாக்குறோம்."

"தெரியாத ஊர்ல ஒக்காந்துகினு நம்ம ஊர் கரடிக்கு சோறு போடுறானா?"

"தண்ணி ஆயா. சோறு அதுவே தேடிக்கும்."

"எனக்கும் ஒரு ஆள அமத்திக் குடேன் தம்பி. மாசத்துக்கு ஒரு தபா வாசல்ல வந்து நின்னு மூஞ்சியக் காட்டிட்டுப் போறேன்."

அவர் சிரித்தார். சிரிக்கும்போதும் தலை அந்தப் பக்கம்தான். கம்பத்துக்குப் பல்லைக் காட்டுகிற ஒரே மனுஷன் அவர்.

அவர் முதலில் ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தாராம். தையல் மெஷின்களில் பொம்பளைகள் உட்கார்ந்து தைப்பார்கள், சூப்பர்வைசர் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். அது அவரால் ஆகவில்லை. கூரையில் ஓடுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். லைன் முழுக்க லைனிங்கை மாற்றித் தைத்து அனுப்பிவிட்டார்கள். "ஃபேனுக்கு மட்டும் ஒரு குறையும் வரல ஆயா" என்று அவரே ஒரு நாள் சொன்னார். அவர் சொன்ன ஒரே ஜோக்கு அது. கேலி செய்யப்பட்டே பழகியவர் என்று அன்றைக்குத் தெரிந்தது. தெரிந்தும் நான் விடவில்லை.

பார்க்கவே மாட்டாத ஆளுக்குப் பார்க்கிற வேலை. டிரஸ்ட்டுக்காரர்கள் எப்படித்தான் தேடிப் பிடித்தார்களோ. ஒரு ஞாயிற்றுக்கிழமை தெருக் குழாயடியில் எங்களுக்கெல்லாம் செல்லில் போட்டோ காட்டினார். கரடி புற்றைத் தோண்டுகிறது, மான் காதை ஆட்டுகிறது. நடுவில் ஒரு படம் வந்தது. சட்டென்று விரலால் தள்ளிவிட்டார்.

"அது இன்னா தம்பி, காட்டு."

"ஒன்னுமில்ல ஆயா. குட்டிக்குப் பால் குடுக்குது."

"அதுக்கு இன்னா?"

"அத்த எதுக்குப் பாக்கணும்? அது பாட்டுக்குக் குடுக்குது."

பொம்பளைகள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம். கரடியின் மானத்தைக் காப்பாற்றுகிற ஆளை முதல் தடவையாகப் பார்த்தோம். அந்தப் படத்தை அவர் டிரஸ்டின் வாட்சப் குரூப்பிலும் போடவில்லையாம். பணம் கட்டுகிறவர்களுக்குத் தாயும் பிள்ளையும்தான் ரொம்பப் பிடிக்கும், ஏன் போடவில்லை என்று ஆபீசில் சத்தம் போட்டார்களாம். அதையும் அவரேதான் சொன்னார். குழாயிடம்.

இப்பேர்ப்பட்ட மனுஷனிடம் நாங்கள் எப்படிச் சொல்வது?

அதைச் சொல்லவேண்டிய நாள் வந்தது. புதிதாகக் கேமரா கட்டுவதற்கு முன்னால் குழாயடிக்கு வந்தார். கையில் செல்லில் மேப்பு. தலை குனிந்தபடி கேட்டார்.

"மேல அந்தப் பெரிய பாறையத் தாண்டி சுனைக்குப் போற வழி கீதே. அந்தப் பக்கம் ஆளுங்க நடமாட்டம் உண்டுங்களா?"

அந்தப் பெரிய பாறைக்குப் பின்னால் உண்ணிச்செடிப் புதர். அங்கேதான் நாங்கள் எல்லாரும் இருட்டோடு போகிறோம். வேன் ஹாரன் அடிப்பதற்குள் போய்விட்டு வந்துவிடவேண்டும். கவர்மெண்டு வீட்டுக்கு வீடு கக்கூஸ் கட்டிக் கொடுத்தது, இல்லை என்று சொல்லவில்லை. தண்ணீர் வரவில்லை. எங்கள் வீட்டுக் கக்கூசில் என் மகன் ஷாப்பில் வெட்டி மிச்சமான தோல் மூட்டைகளை அடுக்கிப் பூட்டு போட்டிருக்கிறான். ஸ்டெல்லா வீட்டில் கோழி இருக்கிறது. ஆம்பளைகளுக்கு அது ஒரு விஷயமாகவே இல்லை, நாங்கள் எங்கே போகிறோம் என்று கேட்டதும் இல்லை. ஷாப்பில் இருக்கிறது, போய்க்கொள்வார்கள்.

முரட்டு ஆளாக இருந்திருந்தால், "எங்களுக்கு வேற எடம் இல்ல, அங்க வெக்காத" என்று ஸ்டெல்லாவே முகத்துக்கு நேராகச் சொல்லியிருப்பாள். இவரிடம் சொன்னால் அங்கேயே மயங்கி விழுந்துவிடுவார் போலிருந்தது. ஒருத்தி, "இல்ல, யாரும் போறதில்ல" என்றாள். எல்லாரும் அதையே சொன்னோம்.

"வெறவுக்கு?"

"கேஸு வந்துட்டுதே."

என் வாய் சும்மா இருக்குமா? "அங்க எவன் போவான் தம்பி, கரடி போனா உண்டு" என்றேன்.

அவர் செல்லில் ஏதோ குறித்துக்கொண்டு குழாய்க்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார். சுனை மேலே தூரத்தில் இருக்கிறது, கேமராவை அங்கேதான் கட்டுவார் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். அவரோ பாறை வளைவில் கரடி எச்சம் கிடப்பதைப் பார்த்து, அங்கேயே ஒரு மரத்தில் முழங்கால் உயரத்தில் கட்டிவிட்டார். இலைக் கலர் பெட்டி. பட்டப்பகலிலேயே கண்ணுக்குத் தெரியாது. எங்கே கட்டினீர்கள் என்று நாங்கள் கேட்டிருக்கலாம். கேட்டால், ஏன் கேட்கிறீர்கள் என்று ஆகிவிடும். யாரும் போகாத இடம் என்று நாங்களே சொன்னதால் அவரும் வந்து சொல்லவில்லை. இரண்டு பக்கமும் அவ்வளவு மானமாக நடந்துகொண்டோம்.

மழைக்காலம் வந்தது. மழைக்கு நான் என் மகனுடைய ஷாப்பு ஏப்ரானைப் போட்டுக்கொண்டு போவேன். கருப்பு ரப்பர். தோல் ஊறவைக்கிற இடத்தில் கழுத்திலிருந்து கால் வரைக்கும் கட்டிக்கொள்கிறது. முன்னால் கட்டுவதை நான் பின்னால் தலையோடு கவிழ்த்துப் போட்டு, கழுத்தில் ஷூ லேசால் ஒரு முடிச்சுப் போட்டுக்கொள்வேன். சொட்டு நனையமாட்டேன்.

என் பேத்தி பவித்ரா ஷூ கம்பெனி ஆபீசில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். அந்த டிரஸ்ட்டு பக்கத்தை அவளும் செல்லில் வைத்திருந்தாள். ஒரு சாயந்திரம் நான் பூண்டு உரித்துக்கொண்டிருந்தபோது வேனிலிருந்து இறங்கி நேரே என்னிடம் வந்தாள். முகம் சரியில்லை.

"ஆயா, இத்தப் பாரு."

"இன்னாடி, கரடியா? பெருசா கீதே."

"முடிச்சப் பாரு."

கறுப்பும் வெளுப்புமாக ஒரு போட்டோ. உண்ணிச்செடிக்கு நடுவில் கருப்பாக, பளபளவென்று ஒன்று குந்தியிருக்கிறது. கழுத்தோரம் வெள்ளையாக ஒரு முடிச்சு. கீழே இங்கிலீஷில் என்னென்னவோ. படித்துச் சொல்லு என்றேன். அவள் சொல்லமாட்டேன் என்றாள். சொல்லுடி என்றேன்.

"புதுசா வந்த பொம்பளக் கரடின்னு போட்டுகீது. வயசானதுன்னு ஒரு டாக்டரு சொல்லிக்கீறாரு, ஒக்கார்ற விதத்துலயே தெரியுதாம். தோலு இப்பிடி மின்னுறதுக்கு ஏதோ வியாதி இருக்குமாம். வைத்தியம் பாக்கணும்னு எல்லாரும் பணம் போட்றாங்க ஆயா. கழுத்துல கொடி சிக்கிகினுகீது, பாவம்னு ஒருத்தரு அழுவுறாரு."

நான் சிரித்தேன். வெட்கமில்லாமல் சிரித்தேன். என் மருமகள் ஒரு நாளும் எனக்காக அப்படி அழுததில்லை. ஏப்ரான் முழுசாக மூடியிருந்தது, முகமும் தெரியவில்லை, கரடி என்றால் கரடியாகவே இருந்துவிட்டுப் போகிறேன் என்று நினைத்தேன்.

பவித்ரா சிரிக்கவில்லை. "ஏப்ரான் போட்டதாலதான் ஒன்ன கரடின்னு நெனச்சிகிச்சு மெஷினு" என்றாள். "எங்களுக்கெல்லாம் ஏப்ரான் இல்லயே ஆயா."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. உரித்த பூண்டு மடியிலிருந்து கொட்டிப்போனது. பவித்ரா, ஸ்டெல்லா, வைகாசியில் கல்யாணம் வைத்திருக்கிற ஸ்டெல்லாவின் மகள், எங்கள் தெருப் பொம்பளைகள் அத்தனை பேரும், தினமும், அந்தக் கேமராவுக்கு முன்னால்.

ஸ்டெல்லாவிடம் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஆம்பளைகளிடம் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தோம். சொன்னால் கேமராவை உடைப்பார்கள், அவரையும் உடைப்பார்கள், அப்புறம் எங்கே அந்தப் போட்டோ, காட்டு என்பார்கள். வேண்டாம் என்று விட்டோம். வெட்கம் கெட்ட வாய் யாருக்கு இருக்கிறதோ அவள் போய் அவரிடம் பேசட்டும் என்று முடிவானது. அது நான்தான்.

மறுநாள் மலையடியில் அவர் பைக்கை நிறுத்துகிற இடத்துக்குப் பேத்தியின் செல்லோடு போனேன்.

"தம்பி, இது இன்னா?"

எட்டிப் பார்த்துவிட்டு பைக் டேங்கிடம் சொன்னார். "கரடிங்க ஆயா. புதுசு. ஆபீஸ்ல எல்லாருக்கும் ரொம்ப சந்தோசம்."

"நல்லா பாரு."

"பொம்பளக் கரடி. வயசானது."

"வயசானதுதான். சக்கர வியாதி கீது. பேத்தி ஷூ கம்பெனிக்குப் போவுது. ரேஷன் கார்டுல பேரு கீது."

அவருக்கு முதலில் புரியவில்லை. கிழவி வழக்கம்போலக் கேலி பண்ணுகிறாள் என்று வாய் சிரிக்கப் போனது. அப்புறம் செல்லை வாங்கிப் படத்தைப் பெரிசாக்கினார். முடிச்சைப் பார்த்தார். பார்வை என் காலுக்கு வந்தது, காலில் கிடந்த பழைய ஷூவுக்கு, அதில் கட்டியிருந்த வெள்ளை லேசுக்கு. அதற்குமேல் வரவில்லை. செல்லைக் கவிழ்த்துப் பைக் சீட்டில் வைத்தார், ஏதோ சுடுகிற பொருளை வைப்பதுபோல. அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"யாரும் போறதில்லன்னு சொன்னீங்களே ஆயா."

"சொன்னோம்."

வேறு என்ன சொல்ல? சீட்டிலிருந்து செல்லை எடுத்து மடியில் செருகிக்கொண்டேன்.

"மனுசங்க போனா அந்த மெஷினு இன்னா பண்ணும் தம்பி?"

"மனுசன்னு எழுதி வேற ஒரு பெட்டியில போட்டுடும். பணம் கட்றவங்களுக்குப் போவாது."

"அத்த யாரு பாப்பாங்க?"

"இதுவரைக்கும் யாரும் பாக்கல. வருசத்துக்கு ஒரு தபா ஆபீஸ்ல தொறந்து எண்ணுவாங்க, காட்டுக்குள்ள ஆளுங்க எவ்ளோ போறாங்கன்னு. அடுத்த வாரம் இங்க மீட்டிங்கு. அது முடிஞ்சதும் தொறப்பாங்க."

"நீ பாத்தியா?"

"எனக்கு அது வராது ஆயா. வந்தாலும்…" என்று நிறுத்திவிட்டார். முடிக்கவேண்டிய தேவையும் இல்லை.

"போன் பண்ணி அழிக்கச் சொல்லு. பொம்பளைங்க போற எடம்னு சொல்லிடு."

அவர் மண்ணில் குச்சியால் கீறிக்கொண்டே இருந்தார். "அப்பிடிச் சொன்னா, மொதல்ல தொறந்து பாத்துட்டுதான் ஆயா அழிப்பாங்க. ஆபீஸ்ல பசங்க ஜாஸ்தி."

அவர் எழுந்து மலை ஏறினார். கேமராவைக் கழற்றிக்கொண்டுவந்து பைக் பெட்டியில் போட்டுப் பூட்டினார். ஆனால் கழற்றி என்ன? போனதெல்லாம் மெட்ராசில் இருக்கிறது.

அந்த ஒரு வாரம் ஸ்டெல்லா சரியாகச் சாப்பிடவில்லை. மகள் செல்லைக் கையில் எடுத்தாலே திடுக்கிடுவாள். நாங்கள் எல்லாரும் பாறைப் பக்கத்தை விட்டுவிட்டு, எதிர்ப்பக்கம் முள்ளுக்குள் போனோம். போகும்போது ஒவ்வொரு மரத்தையும் தடவிப் பார்த்துக்கொண்டு போனோம்.

மீட்டிங் ஸ்கூலில் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஆம்பளைகளும் வந்திருந்தார்கள். டிரஸ்ட்டு மேடம் மெட்ராசிலிருந்து வந்திருந்தார். நல்ல பொம்பளை, வந்ததும் கிழவிகளுக்கெல்லாம் நாற்காலி போடச் சொன்னார். கூட ஒரு பையன் கம்ப்யூட்டரோடு. சுவரில் வெள்ளைத் துணி கட்டி, பணம் கட்டுகிறவர்களின் முகங்களைச் சின்னச் சின்னக் கட்டங்களில் காட்டினார்கள். ஒருத்தர் வீட்டில் இரவு, ஒருத்தர் வீட்டில் வெயில். எல்லாரும் கை ஆட்டினார்கள். நாங்களும் ஆட்டினோம். ஸ்டெல்லா ஆட்டவில்லை.

மேடம் பேசினார். இந்த வருஷம் பணம் நன்றாக வந்திருக்கிறது, வெயில் காலத்தில் எல்லாத் தொட்டிக்கும் தண்ணீர் ஊற்றலாம் என்றார். அப்புறம் துணியில் நான் வந்தேன். சுவர் அகலத்துக்கு. முடிச்சோடு.

"இந்த வயசான கரடியாலதான் நிறைய பேர் நம்மகூட சேர்ந்திருக்காங்க" என்று சொல்லிவிட்டு அவரைக் கூப்பிட்டார். "நீங்க கட்டின கேமரா. நீங்களே ரெண்டு வார்த்தை சொல்லுங்க."

அவர் எழுந்து நின்றார். ஸ்கூலில் ஒரு ஃபேன்தான். அதைப் பார்த்தார்.

"அது கரடி இல்லீங்க மேடம்."

ஸ்டெல்லா என் கையைப் பிடித்தாள். நகம் இறங்கியது.

"பின்ன?"

"நான்."

மேடத்துக்குப் புரியவில்லை. "என்ன சொல்றீங்க?"

"அது நான்தாங்க மேடம். மழைக்கு ஷாப்பு ஏப்ரான் போட்டுகினு போனேன். வயிறு சரியில்ல. அங்க ஒக்காந்தேன்."

முதலில் பின்னால் நின்ற ஆம்பளைகள் சிரித்தார்கள். அதில் என் மகன் சத்தம் எனக்குத் தனியாகக் கேட்டது. பையன் இங்கிலீஷில் கட்டங்களுக்கு எடுத்துச் சொன்னான் போலிருக்கிறது. ஒவ்வொரு கட்டமாக வாயைப் பொத்தியது. ஒருத்தர் கட்டத்தைவிட்டே எழுந்து போய்விட்டார்.

மேடத்தின் முகம் மாறியது. "நீங்க வெச்ச கேமராவுக்கு முன்னாடியேவா?"

"மறந்துட்டேன் மேடம்."

"நம்மள நம்பி எத்தனை பேர் பணம் போட்டிருக்காங்க தெரியுமா?"

"தெரியுங்க மேடம்." காது, கழுத்து, முகம் எல்லாம் சிவந்திருந்தது. ஆனால் உட்காரவில்லை. "இன்னொன்னு மேடம். ஒரு நாள் இல்ல. நான் தெனமும் அங்கதான். அந்தக் கேமராவுல மனுசன்னு வந்திருக்கறது எல்லாம் நான்தான். ஏப்ரான் இல்லாம. தொறந்து பாக்காதீங்க மேடம். பாக்கற மாதிரி இருக்காது."

சிரிப்பு கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. மேடம் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு பையனைப் பார்த்து, "அந்தக் கேமராவோடது மொத்தமும் அழிச்சிடு. யாரும் திறக்க வேணாம், ப்ளீஸ்" என்றார்.

"இப்பவேங்களா மேடம்?" என்று அவர் கேட்டார்.

"இப்பவேதான்."

பையன் மூக்கைச் சுளித்துக்கொண்டு கம்ப்யூட்டரில் தட்டினான். அவர் பக்கத்தில் போய் நின்று அதையே பார்த்தார். கண்ணை எடுக்கவில்லை. அறை முழுக்க அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது, செல்லில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தது. பையன், "போச்சு சார், எல்லாம் போச்சு" என்று சொன்னதும்தான் தலையைக் குனிந்தார்.

ஸ்டெல்லாவின் நகம் என் கையிலிருந்து மெல்ல விலகியது. நான் எழுந்து நின்று, அது நான்தான் என்று சொல்லியிருப்பேனா? சொன்னால், கிழவி தனியாகவா போனாள் என்று அடுத்த கேள்வி வரும். அவர் அழித்ததையெல்லாம் நான் மறுபடியும் திறந்துவிட்ட மாதிரி ஆகும். உட்கார்ந்திருந்தேன். பொம்பளைகள் பக்கம் ஒருத்தியும் நிமிரவில்லை. நாங்கள் எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம், அத்தனை நாளும் அவர் கம்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்த மாதிரி.

டிரஸ்ட்டில் அவரை நிறுத்திவிட்டார்கள். வேறு ஆள் வந்தான். அவன் கேமரா கட்டுவதற்கு முன்னாலேயே ஸ்டெல்லா போய், எந்தெந்த மரத்தில் கட்டக்கூடாது என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு வந்தாள். இவர் கலவைக்கே போய்விட்டார் என்று டீக்கடை பாய் சொன்னார். போவதற்கு முன்னால் பைக்கில் எங்கள் தெரு வழியாகத்தான் போனார். ஆம்பளைப் பசங்கள், "கரடி, டேய் கரடி" என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடினார்கள். நான் வாசலில் இருந்தேன். ஏதாவது சொல்லலாம் என்று எழுந்தேன். அவர் முகம் கம்பத்துப் பக்கம் திரும்பியிருந்தது. நல்லவேளை என்று எனக்கு இருந்தது, அதை நினைத்தால் இன்னும் வெட்கமாக இருக்கிறது.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு என் மகனும் ஷாப்பில் அவனோடு வேலை செய்கிற இரண்டு பேரும் எங்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். மகன் அந்த ஏப்ரானையே எடுத்துப் போட்டுக்கொண்டு, கூடத்து நடுவில் குந்தி உட்கார்ந்து காட்டினான். "மேடம், அது நான்தாங்க மேடம்." அச்சாக அவர் குரல். மூன்று பேரும் புரண்டு சிரித்தார்கள்.

"வெக்கங்கெட்டவன்மா" என்றான். "வெளியில போயி ஒக்கார்றான் பாரு. கக்கூஸ் இல்லாத வீட்லயா பொறந்தான்?"

மருமகள் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். கரண்டி ஒரு நொடி நின்றது, மறுபடியும் ஊற்றினாள். பவித்ரா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா, நீ மட்டும் கம்முனு கீறே?" என்று மகன் என்னைக் கேட்டான். "எல்லாத்துக்கும் ஒரு பேச்சு வெச்சிருப்பே. கரடிய பத்தி ஒன்னு சொல்லேன்."

மூன்று பேரும் என்னையே பார்த்தார்கள். சும்மா இருந்தால் ஏன் சும்மா இருக்கிறாய் என்பார்கள். மருமகள் என்னைப் பார்க்கவில்லை, ஆனால் அவள் முதுகு நான் சொல்லப்போவதைக் கேட்கக் காத்திருந்தது.

சொன்னேன். யோசிக்கவேகூட இல்லை, நாக்கு நுனியிலேயே இருந்தது. மகனுக்குச் சோறு புரையேறிவிட்டது. அவன் தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தேன். கூட இருந்தவர்களில் ஒருத்தர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இதை நாளைக்கு ஷாப்பில் சொல்லவேண்டும் என்றார். பவித்ரா பாதிச் சாப்பாட்டில் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து உள்ளே போனாள்.

நல்ல ஜோக்குதான் அது. நான் சொன்னதிலேயே நல்ல ஜோக்கு. என்ன சொன்னேன் என்று மட்டும் கேட்காதீர்கள்.